செயலியில் சிவப்பு, வானத்தில் என்ன? விமானக் குலுக்கலைக் கணிக்கும் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் டிக்கெட் எடுத்துத் தரும் கடைகளில் வழக்கமாக வரும் கேள்விகள் இரண்டு: எத்தனை கிலோ சாமான் கொண்டுபோகலாம், விமானத்தில் சாப்பாடு உண்டா. 2024 மே மாதம் ஒரு சிங்கப்பூர் விமானம் வானில் குலுங்கி ஒரு பயணி இறந்ததுக்கு அப்புறம் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. கைபேசியை மேசையில் வைத்து, குலுக்கலைக் கணிக்கும் செயலியில் வங்காள விரிகுடாவின் மேல் படர்ந்திருக்கும் ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டி, “அண்ணே, திருச்சிக்குப் போற வழியில செவப்பா காட்டுது. தேதிய மாத்தி எடுக்கலாமா?” என்று கேட்கிறார்கள்.

கடைக்காரரிடம் இதற்குப் பதில் இருக்காது. அந்தச் சிவப்பை வரைந்த கணினிக்கே அங்கே விமானம் குலுங்குமா என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தது வேறு. அது என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குலுக்கல் என்றால் என்ன

ஆற்றுப் பாலத்தின் தூணைத் தாண்டி வரும் தண்ணீரைப் பார்த்தால் போதும். தூணுக்கு முன்னால் ஒழுங்காக வந்த நீர், தாண்டியதும் பெரிய சுழல்களாக உடைகிறது. அவை சின்னச் சுழல்களாக உடைகின்றன, கடைசியில் அடங்கிப் போகின்றன. காற்றும் இப்படித்தான். வேகமான ஓட்டம், மலை, இடிமேகம் என்று எதுவோ ஒன்று காற்றைக் கலைக்கும்போது சுழல்கள் உண்டாகின்றன. இதுதான் காற்றுக் கொந்தளிப்பு.

எல்லாச் சுழலும் விமானத்தை ஆட்டாது. 50 கிலோமீட்டர் அகலமான ஏற்ற இறக்கத்தில் விமானம் மெதுவாக ஏறி இறங்கிவிடும், பயணிக்குத் தெரியாது. ஒரு மீட்டர் சுழல் இறக்கையில் பட்டே செத்துவிடும். பயணிகள் விமானத்தைப் பிடித்து உலுக்குபவை ஏறக்குறைய 100 மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் வரை அளவுள்ளவை. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

“ஏர் பாக்கெட்டில் விழுந்தது” என்று சொல்வது பழகிப்போன பேச்சு. வானத்தில் காற்றில்லாத குழி எதுவும் கிடையாது. மேல்நோக்கிய காற்றிலிருந்து கீழ்நோக்கிய காற்றுக்குள் விமானம் சட்டென்று நுழைகிறது, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்.கியூ.321 விஷயத்திலும் இந்த “விழுந்தது” நிறையக் குழப்பியது. 2024 மே 20 இரவு லண்டனிலிருந்து கிளம்பிய போயிங் 777 அது. மறுநாள் மியன்மார் மேலே 37,000 அடியில் குலுங்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். விமானம் 6,000 அடி விழுந்ததாக அப்போது செய்திகள் பறந்தன. 31,000 அடிக்கு இறங்கியது உண்மைதான், ஆனால் அது பேங்காக்குக்குத் திருப்பும்போது விமானிகள் செய்த ஒழுங்கான இறக்கம். சிங்கப்பூர் விசாரணைக் குழு கறுப்புப் பெட்டியிலிருந்து எடுத்த கணக்கு இது: 4.6 விநாடியில் 178 அடி. அதாவது 54 மீட்டர், இரண்டு இரண்டரை பால்மர (ரப்பர் மர) உயரம்.

அப்படியானால் ஏன் அவ்வளவு சேதம்? 0.6 விநாடிக்குள் புவியீர்ப்பு விசையின் கணக்கு +1.35-லிருந்து −1.5-க்கு மாறியது. மைனஸ் என்றால் விமானம் கீழே போகும் வேகத்தில் பெல்ட் போடாதவர் கூரைக்குப் போவார். அடுத்த 4 விநாடிக்குள் அது +1.5 ஆனபோது, கூரைக்குப் போனவர் தரைக்கு வந்தார்.

எங்கிருந்து வருகிறது

1. இடிமேகத்திலிருந்து. மேகத்தின் உள்ளே மட்டும் இல்லை, அதன் மேலேயும் பக்கத்திலும் கூட. வேகமாக வளரும் மேகம், குளத்தில் கல் போட்டதுபோல, சுற்றியுள்ள காற்றில் அலைகளை எழுப்புகிறது. அந்த அலை உடையும் இடத்தில் மேகமே இருக்காது.

2. தெளிந்த வானத்தில். 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் ஓரங்களில், அடுக்குக்கு அடுக்கு காற்றின் வேகம் மாறும் இடங்களில் வருவது. கண்ணுக்கும் தெரியாது, விமானத்தின் ராடாருக்கும் தெரியாது. அந்த ராடார் தேடுவது மழைத்துளியை.

3. மலையிலிருந்து. பலத்த காற்று மலைத்தொடரைக் குறுக்காகத் தாண்டும்போது எழும் அலைகள். ராக்கி, ஆண்டிஸ் பக்கம் இது பெரிய கவலை. நம் தித்திவங்சா மலைத்தொடரை அந்த வரிசையில் வைக்க வேண்டியதில்லை.

தரையோரக் காற்றும், முன்னால் போன விமானம் விட்டுச்செல்லும் சுழலும் தனிக் கதை. வானிலை மாதிரிக்கு அவற்றில் அதிக வேலை இல்லை.

கிராணியின் கணக்குப் புத்தகம்

வானிலை மாதிரி என்பது வளிமண்டலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் என்று சில எண்கள் கொடுத்து, இயற்பியல் சமன்பாடுகளால் அவற்றைச் சில நிமிடங்கள் சில நிமிடங்களாக முன்னே நகர்த்தும் கணினிக் கணக்கு. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாதிரியில் பெட்டியின் பக்கம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், உயரவாக்கில் 137 அடுக்குகள். அமெரிக்காவின் உலக மாதிரியில் பெட்டி சுமார் 13 கிலோமீட்டர். சுங்கை சிப்புட் டவுன் முழுவதும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும்.

ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். இன்ன நிரையில் இன்னார் இன்றைக்கு இத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்று அதில் இருக்கும். ஏழாவது மரத்தில் பால் பிடிக்கும் மங்கு நிரம்பியதா, எட்டாவது மரத்தில் வழிந்துபோனதா என்று இருக்காது. மாதிரிக்கும் பெட்டியின் சராசரிதான் தெரியும். விமானத்தை ஆட்டும் 200 மீட்டர் சுழல் என்பது அந்த எட்டாவது மரம்.

நிலைமை இதைவிடவும் கொஞ்சம் மோசம். ஓர் அலையை ஒழுங்காகக் காட்ட அதன் குறுக்கே பல பெட்டிகள் வேண்டும். அதனால் 10 கிலோமீட்டர் மாதிரி உண்மையில் நம்பும்படி காட்டுவது 60, 70 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விஷயங்களைத்தான்.

சரி, பெட்டியைச் சின்னதாக்கிவிட்டால் என்ன? பக்கத்தைப் பாதியாக்கினால் பெட்டிகள் நான்கு மடங்காகும். சின்னப் பெட்டிக்குச் சின்ன நேரத் தாவல் வேண்டும், அது இரண்டு மடங்கு. ஆகமொத்தம் எட்டு மடங்கு வேலை. 10 கிலோமீட்டரை 100 மீட்டருக்குக் கொண்டுவந்தால் வேலை 10 லட்சம் மடங்கு, அதுவும் உயர அடுக்குகளைக் கூட்டாமலேயே. நாளைக்குப் போகும் விமானத்துக்கு இந்த வழி உதவாது.

ஆம்புலன்ஸ் ஓட்டியவரின் எண்

சுழலைப் பார்க்க முடியாது என்றால், சுழல் பிறக்கும் சூழலைப் பார்க்கலாம். இதற்கு வழி காட்டியவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் கையாலேயே கணக்குப் போட்டு உலகின் முதல் எண்முறை வானிலைக் கணிப்பைச் செய்து பார்த்தவர். 1910 மே 20 அன்றைய பழைய அளவுகளை வைத்து ஆறு மணி நேரத்துக்கு மட்டும் கணித்தார். காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை என்று சொல்லலாம். அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922-ல் புத்தகமாகவே போட்டார். இன்றைய மாதிரிகள் எல்லாம் அந்தப் புத்தகத்தின் வாரிசுகள்.

காற்று எப்போது கலையும் என்பதற்கு அவர் கொடுத்த அளவுக்கு ரிச்சர்ட்சன் எண் என்று பெயர். அதில் இரண்டு சக்திகள் மோதுகின்றன.

1. பிடி. கனமான காற்று கீழேயும் லேசான காற்று மேலேயும் இருந்தால் அடுக்கு தன் இடத்தை விட்டு நகர மறுக்கும்.

2. இழுப்பு. மேல் அடுக்கு வேகமாகவும் கீழ் அடுக்கு மெதுவாகவும் போனால் இரண்டுக்கும் நடுவே இழுபறி நடக்கும். விமானத் துறையில் இதை விண்ட் ஷியர் என்பார்கள்.

பிடியை இழுப்பின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது ரிச்சர்ட்சன் எண். அது 0.25-க்குக் கீழே இறங்கினால் இரண்டு அடுக்குக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு அலை அலையாகச் சுருண்டு உடையத் தொடங்கலாம். சில நாள் வானத்தில் கடலலை சுருள்வதுபோல வரிசையாக மேகம் நிற்குமே, அது இந்த உடைப்பை மேகம் காட்டிக்கொடுக்கும் தருணம். விமானம் பறக்கும் உயரத்துக்கு வழக்கமான ஒரு பிடியை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் காற்றின் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் அளவுக்கு மாறும்போது எண் 0.25-ஐத் தொடுகிறது.

இங்கேயும் கிராணியின் சராசரி குறுக்கே வரும். பெட்டி முழுவதற்கும் எண் 1 என்று மாதிரி காட்டலாம். அந்தப் பெட்டிக்குள் 100 மீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கில் மட்டும் 0.2 இருக்கலாம். அதனால் கணிப்பாளர்கள் 0.25 என்ற கோட்டுக்காகக் காத்திருப்பதில்லை. எண் சின்னதாகிக்கொண்டே வரும் இடமெல்லாம் அவர்களுக்குச் சந்தேகத்துக்குரிய இடம்தான்.

எண்ணிலிருந்து நிறத்துக்கு

ஒரே எண்ணை நம்பி யாரும் வரைபடம் போடுவதில்லை. 1992-ல் வந்த எல்ராட் குறியீடு, விண்ட் ஷியரோடு காற்று ஓட்டம் எவ்வளவு நசுங்கி நீள்கிறது என்பதையும் பெருக்கிப் பார்க்கிறது. இதுபோல இன்னும் பல குறியீடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கைவந்த சூழல் வேறு. அமெரிக்காவின் என்கார் ஆய்வு மையம் உருவாக்கிய ஜி.டி.ஜி. முறை இவற்றை ஒன்றாகச் சேர்த்து, உண்மையில் விமானங்கள் குலுங்கிய பதிவுகளோடு ஒப்பிட்டு, கடைசியில் ஒரே அளவுகோலுக்கு மாற்றுகிறது.

அந்த அளவுகோலின் பெயர் இ.டி.ஆர். சுழல்களின் ஆற்றல் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதன் அளவு. இதில் முக்கியமானது, இது காற்றின் குணம், விமானத்தின் குணம் இல்லை. ஒரே காற்றில் சுபாங்கிலிருந்து கிளம்பும் சிறிய ஏ.டி.ஆர். விமானம் ஒருவிதமாகவும் பெரிய 777 வேறுவிதமாகவும் ஆடும். முன்பு விமானி “நடுத்தரக் குலுக்கல்” என்று வானொலியில் சொன்னால், யாருடைய நடுத்தரம் என்ற கேள்வி வந்தது. இப்போது உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி 0.10 முதல் 0.20 வரை லேசு, 0.20 முதல் 0.45 வரை நடுத்தரம், 0.45-ம் அதற்கு மேலும் கடுமை.

உலகம் முழுவதற்கும் இந்தக் கணிப்பைத் தர லண்டன், வாஷிங்டன் என்று இரண்டே மையங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை புதுக் கணிப்பு வரும். விமான நிறுவனத்தின் பயணத் திட்டக்காரர்கள் அதைப் பார்த்துப் பாதையும் உயரமும் எரிபொருளும் முடிவு செய்கிறார்கள். அதற்கு மேல், தன் வான் எல்லைக்குள் ஆபத்து தெரிந்தால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை சிக்மெட் என்ற எச்சரிக்கை விடும். வழக்கமாக அதன் ஆயுள் அதிகபட்சம் நான்கு மணி நேரம். பயணிகளின் கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும் இதே வானிலை மாதிரிகளின் தரவுகளை எடுத்து நிறம் பூசுகின்றன.

நம் பக்கத்து வானம் வேறு

இதுவரை சொன்ன கணக்கு, ஜெட் காற்றோட்டம் வலுவாக ஓடும் ஐரோப்பா, ஜப்பான், வட அட்லாண்டிக் பக்கம் நன்றாக வேலை செய்கிறது. அங்கே ஜெட் என்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. மாதிரிக்கு அது ஒரு நாள் முன்கூட்டியே தெரியும்.

பூமத்திய ரேகைப் பக்கம் அப்படிப்பட்ட ஆறு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஒரு ஜெட் உண்டு. 1950-களில் அதை ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதன் மையமும் பயணிகள் விமானத்துக்கு மேலேதான். மற்றபடி நம் பக்கம் ஆட்டம் கொடுப்பது பெரும்பாலும் இடிமேகம். வெப்பமண்டலத்து இடிமேகம் 16 கிலோமீட்டர் வரை எழும்பும், விமானம் பறப்பது 10 முதல் 12-ல். மேலே தாண்டிப் போக வழியில்லை, சுற்றித்தான் போக வேண்டும். 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளிப் போவது விமானிகளின் வழக்கம்.

மாதிரி தடுமாறும் இடமும் இதுதான். 10 கிலோமீட்டர் பெட்டிக்குள் தனி இடிமேகம் அகப்படாது. “இந்தப் பெட்டியில் இவ்வளவு மேகம் எழக்கூடும்” என்று மாதிரி மொத்தமாகத்தான் எழுதிவைக்கும். நம் வானிலைத் துறை அறிவிப்பில் “ரிபுட் பெதிர் டி சத்து டுவா தெம்பாட்” என்று வருகிறதே, ஓரிரு இடங்களில் இடிமழை என்று, அது இந்த நிலைமையை நேர்மையாகச் சொல்லும் வாசகம். சாயங்காலம் மழை வரும் என்று சுங்கை சிப்புட்டில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். லிந்தாங் பக்கமா ஜாலோங் பக்கமா, மூன்று மணிக்கா ஐந்து மணிக்கா என்பதுதான் வம்பு. வேகமாக எழும் காற்று விநாடிக்கு 10 மீட்டர் ஏறினால் 20 நிமிடத்தில் 12 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் கணிப்பு அதைப் பிடிக்காது.

பொழுது விடியுமுன் வரும் சுமத்ரா காற்றுமழை இதில் கொஞ்சம் இரக்கமானது. மலாக்கா நீரிணையில் நீண்ட வரிசையாகத் திரண்டு கிழக்கே நகர்வதால் ராடாரில் சில மணி நேரம் முன்பே தெரியும். தனி மேகத்துக்கு அந்த வரிசை ஒழுங்கும் கிடையாது. அதனால் இந்தப் பக்கத்தில் மாதிரியைவிட அதிகம் கைகொடுப்பது ஜப்பானின் ஹிமவாரி வானிலைச் செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் படமும், விமானத்தின் சொந்த ராடாரும்தான். ராடாருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. மேகத்தின் உச்சியில் இருப்பது பனித்துகள். மழைத்துளி அளவுக்கு அது ராடார் அலையைத் திருப்பி அனுப்பாது.

எஸ்.கியூ.321-ஐ முதல் நாள் செய்திகள் தெளிந்த வானக் குலுக்கல் என்றன. முதற்கட்ட அறிக்கையோ, வளர்ந்துகொண்டிருந்த மேகத் திரட்சியின் மேலே அது பறந்திருக்கக்கூடும் என்கிறது. பெல்ட் விளக்கைப் போட்டுவிட்டதாக ஒரு விமானி சொன்னது, அந்தப் பெரிய உலுக்கலுக்கு சுமார் 8 விநாடி முன்னால்.

கணிப்பு பலித்ததா என்று எப்படிப் பார்ப்பது

தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் விடியுமுன் மண்டோர் (மேற்பார்வையாளர்) வானத்தைப் பார்ப்பார், மரத்தைத் தடவிப் பார்ப்பார். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரத்தோடு வழிந்துவிடும், மங்குக்கு வராது. “இன்னிக்கு வெட்டு இல்ல” என்று அவர் சொன்ன பிறகு வெயில் அடித்தால் அவர் தப்பு வெளியே தெரியும். விமானக் கணிப்பில் அந்த வசதி இல்லை. சிவப்பு என்று வரைந்த இடத்துக்கு விமானங்கள் போவதில்லை. போகாத இடத்தில் குலுங்கியதா என்று யார் சொல்வது? நல்ல கணிப்பு தன் சாட்சியைத் தானே அழித்துவிடுகிறது. இந்தச் சிக்கல் எனக்குப் பிடித்தமானது. புள்ளிவிவரம் படிப்பவர்கள் இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

ஓரளவு வழி பிறந்திருக்கிறது. பல விமானங்கள் இப்போது தங்கள் உணர்கருவிகளிலிருந்து இ.டி.ஆர். மதிப்பைத் தாமாகவே கணக்கிட்டு அனுப்புகின்றன. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா அமைப்பின் பகிர்வுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. இதில் பெரும் மதிப்பு “இங்கே ஒன்றும் இல்லை” என்ற செய்திக்குத்தான். குலுங்கினால் சொல்ல விமானி இருக்கிறார், குலுங்காததை இதற்கு முன் பெரும்பாலும் யாரும் எழுதிவைத்ததில்லை.

கணிப்பைச் சாத்தியக்கூறாகத் தருவது இன்னொரு முன்னேற்றம். ஆரம்ப எண்களைச் சற்றே மாற்றி மாதிரியைப் பலமுறை ஓட்டுகிறார்கள், ஐரோப்பிய மையம் 51 முறை. அதில் 10 ஓட்டங்கள் கடுமை என்றால் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. சுற்றுப்பாதைக்கு ஆகும் எரிபொருள் அதற்குத் தகுமா என்பது நிறுவனத்தின் முடிவு.

குலுக்கல் கூடுகிறதா

வட அட்லாண்டிக்கின் மேலே கூடியிருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே ஒரு சராசரி இடத்தில் கடுமையான தெளிந்த வானக் குலுக்கல் 1979-ல் ஆண்டுக்கு 17.7 மணி நேரம், 2020-ல் 27.4 மணி நேரம். 55 விழுக்காடு கூடுதல். இந்த எண்ணை அப்படியே தூக்கி கோலாலம்பூர் - திருச்சி பாதையில் வைக்கக் கூடாது. அது ஜெட் காற்றோட்டத்தின் விண்ட் ஷியர் பற்றியது. நம் பாதையின் தலைவலி மேகம்.

தேதியை மாற்றலாமா

செயலியைப் பார்க்கும்போது மூன்றைக் கவனித்தால் போதும்.

1. வரைபடத்தின் நேரம். அது எந்த மணி நேரத்துக்கான கணிப்பு, எப்போது போட்டது.

2. உயரம். 24,000 அடியில் சிவப்பும் 36,000 அடியில் பச்சையும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

3. எந்த வகைக் குலுக்கல். தெளிந்த வானக் குலுக்கலை மட்டும் காட்டும் செயலியில் பச்சை என்றால், மேகத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை என்று அர்த்தம்.

டிக்கெட் கடையில் கைபேசியை நீட்டியவரின் பயணம் அடுத்த மாதம். அவர் காட்டிய வரைபடத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் நேரம் போட்டிருந்தது: அன்று மாலை ஆறு மணி.